273-ம் 460-ம்: நான் போட்ட ஒரு சைபர்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படிக்கலாம்.

போன வாரம் என் பேத்தி, இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறவள், தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அமெரிக்கக்காரர் எழுதிய புத்தகம். "அப்பாரு, செல்சியஸை ஃபாரன்ஹீட்டா மாத்துறதுக்கு 1.8-ஆல பெருக்கி 32 கூட்டணும். கெல்வினை ரேங்கினா மாத்துறதுக்கு 1.8-ஆல பெருக்கினா மட்டும் போதும்னு போட்டிருக்குது. அந்த 32 எங்க போச்சுங்க?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் கடைசியில் வருகிறது. முதலில் அந்த 32 எங்கே போனது என்பதைப் பார்ப்போம்.

நம் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சரவணம்பட்டியில் இன்று சத்தி ரோட்டின் இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கும் இடத்தில், எனக்கு நினைவு தெரிந்து சோளக்காடும் கிணறுமாகத்தான் இருந்தது. கிணற்றுச் சுவரில் ஒரு கல் துருத்திக்கொண்டு இருக்கும். "தண்ணி அந்தக் கல்லுக்கு மேல ரெண்டு அடி நிக்குது" என்பார் அப்பா. மறுவாரம் மழை பெய்து நாலடி ஆகிவிட்டால் தண்ணீர் இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று அர்த்தமா? இல்லை. கல்லுக்குக் கீழே இருபது அடித் தண்ணீர் இருக்கிறதே. எத்தனை மடங்கு என்று சொல்ல வேண்டுமானால் கிணற்றின் அடியிலிருந்து அளக்க வேண்டும்.

செல்சியஸின் சைபரும் ஃபாரன்ஹீட்டின் சைபரும் சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு கற்கள். ஆளுக்கொரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டார்கள். ஃபாரன்ஹீட் 1724-இல் பனிக்கட்டியும் உப்பும் கலந்த குளிரைச் சைபர் என்றார். செல்சியஸ் 1742-இல் தண்ணீரை வைத்து அளவு போட்டார். அவர் போட்டது தலைகீழ்: கொதிநிலை சைபர், உறைநிலை 100. அவர் காலமான பிறகு மற்றவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். இரண்டு கற்களும் வேறு வேறு உயரத்தில் இருப்பதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அந்த உயர வித்தியாசத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. அதுதான் 32.

கெல்வினும் ரேங்கினும் இரண்டுமே கிணற்றின் அடியிலிருந்து அளப்பவை. ஒன்று மீட்டரில் அளக்கிறது, மற்றது அடியில் அளக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் இடம் ஒன்றே என்பதால் கூட்டுவதற்கு எதுவும் இல்லை. பெருக்கினால் முடிந்தது.

எனக்கு இது 1957-லேயே புரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கடைக்குக் கடை அட்டை தொங்கியது: ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. ஒரு ரூபாய்க்கு 16 அணா, 100 நயா பைசா, ஆகவே ஓரணா 6.25. முழுசாக வராததால் அந்தக் கால் கால் எல்லாம் கடைக்காரர் பக்கமா நம் பக்கமா என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஆனால் யாரும் எதையும் கூட்டவில்லை, பெருக்கத்தான் செய்தார்கள். கையில் காசு இல்லாதவனுக்கு அணாவிலும் சைபர்தான், பைசாவிலும் சைபர்தான். அடுத்த வருஷம் அக்டோபரிலிருந்து படிப்படியாக வீசை போய்க் கிலோ வந்தபோதும் அப்படித்தான். ஒரு வீசைக்கு ஏறக்குறைய 1.4 கிலோ, பெருக்கிக்கொள்.

சரி, வெப்பத்தில் கிணற்றின் அடி என்று ஒன்று இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

யாரும் அடிக்கு இறங்கிப் பார்க்கவில்லை. மேலே நின்று கணக்குப் போட்டார்கள். காற்றைக் குளிர வைத்தால் அதன் அழுத்தம் ஒரே சீராகக் குறைகிறது என்பதைப் பிரான்ஸில் அமோந்தோன் என்பவர் 1702-ஐ ஒட்டிக் கவனித்தார். அப்படியே குறைந்துகொண்டே போனால் ஒரு இடத்தில் அழுத்தமே இல்லாமல் போக வேண்டும் அல்லவா? அவருடைய கணக்கு இன்றைய அளவில் சுமார் மைனஸ் 240 டிகிரி செல்சியஸ் வருகிறது. அந்தக் காலத்துக் கருவிகளை வைத்து இவ்வளவு பக்கத்தில் வந்தது பெரிய விஷயம். நூறு வருஷம் கழித்து 1802-இல் கே-லூசாக், வாயு ஒவ்வொரு டிகிரிக்கும் 266.66-இல் ஒரு பங்கு விரிகிறது என்றார். பின்னால் ரெக்னோ என்ற பிரெஞ்சுக்காரர் ராப்பகலாக அளந்து அதை 273-க்குக் கொண்டுவந்தார். பிளஸ் ஒன்னில் நீங்கள் எல்லாம் மனப்பாடம் செய்த 273 அங்கிருந்துதான் வந்தது.

பிறகு வந்தவர்தான் வில்லியம் தாம்சன். 22 வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். பிரபுப் பட்டம் கிடைத்தது 1892-இல். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஓடும் கெல்வின் என்ற சிற்றாற்றின் பெயரைத்தான் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். நம் ஊர்ப் பேராசிரியர் ஒருவர் தன்னைக் கௌசிகா பிரபு என்று சொல்லிக்கொண்ட மாதிரி.

அவருக்கு இருந்த குறை இது. பாதரசத் தெர்மாமீட்டர் ஒன்று, சாராயத் தெர்மாமீட்டர் ஒன்று. இரண்டையும் பனிக்கட்டியில் வைத்து 0, கொதிநீரில் வைத்து 100 என்று குறித்துவிடுங்கள். நடுவில் 50 காட்ட வேண்டிய இடத்தில் இரண்டும் ஒன்றாகக் காட்டாது. திரவத்துக்குத் திரவம் விரிகிற விதம் வேறு. அப்படியானால் நாம் அளப்பது வெப்பநிலையையா, பாதரசத்தின் குணத்தையா? எந்தப் பொருளையும் சாராத ஒரு அளவு வேண்டும் என்று 1848-இல் ஒரு கட்டுரை எழுதினார். கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டார். குறையே இல்லாத ஒரு எந்திரத்தைக் கற்பனை செய்தால், அது தரும் வேலையின் அளவு சூடான பக்கம் எவ்வளவு சூடு, குளிர்ந்த பக்கம் எவ்வளவு குளிர் என்பதை மட்டும்தான் பொறுத்தது. உள்ளே ஓடுவது நீராவியா காற்றா என்பது கணக்கிலேயே வராது. 1848-இல் அவர் போட்ட அளவு இன்றைய கெல்வின் அல்ல. ஜூலோடு சேர்ந்து வேலை செய்து 1854-இல் தான் இன்றைய வடிவத்துக்கு வந்தது. பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் "1848-இல் கெல்வின் கண்டுபிடித்தார்" என்று போட்டுவிடுகிறார்கள். நானும் அப்படியே முப்பது வருஷம் நடத்தினேன்.

ரேங்கினும் அதே கிளாஸ்கோ பல்கலைக்கழகம்தான். 1855 முதல் அங்கே இன்ஜினீயரிங் பேராசிரியர். சிவில் படித்தவர்களுக்கு மண் அழுத்தத்தில் ரேங்கின் தியரி, மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு ரேங்கின் சைக்கிள். இருவரும் ஒரே ஆள். 1859-இல் நீராவி எந்திரத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். பிரிட்டனின் பாய்லர்காரர்கள், மில்காரர்கள், கப்பல் இன்ஜினீயர்கள் எல்லாரும் ஃபாரன்ஹீட்டிலேயே புழங்கியவர்கள். அவர்களுக்காகக் கிணற்றின் அடியிலிருந்து ஃபாரன்ஹீட் படிகளிலேயே எண்ணினார். அதுதான் ரேங்கின் அளவு. ஃபாரன்ஹீட்டோடு 459.67 கூட்டினால் ரேங்கின். மில்லில் 460 என்பார்கள். இன்னும் பழைய புத்தகங்களில் 461 என்றுகூட இருக்கும்.

459.67 புதிய எண் ஒன்றும் இல்லை. 273.15-ஐ 1.8-ஆல் பெருக்கினால் 491.67. அதிலிருந்து 32-ஐக் கழித்தால் 459.67. பேத்தி தேடிய 32 இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சரி பார்க்க வேண்டுமா? 27 டிகிரி செல்சியஸ் என்பது 300.15 கெல்வின். 1.8-ஆல் பெருக்கினால் 540.27 ரேங்கின். 459.67 கழித்தால் 80.6 டிகிரி ஃபாரன்ஹீட். பழைய வழியில் 27-ஐ 1.8-ஆல் பெருக்கி 32 கூட்டினாலும் 80.6 தான்.

இந்த இரட்டை அளவு நம் கோயமுத்தூரிலும் குடியிருந்தது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்த காலத்திலிருந்து இங்கே வந்த எந்திரமும் அதோடு வந்த புத்தகமும் இங்கிலாந்துச் சரக்கு. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகிய பிறகும், நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் பிரிவுக்கும் சாயத்துக்கும் நீராவி வேண்டும், அதற்குப் பாய்லர் வேண்டும். பாய்லரோடு பவுண்டு, அடி, ஃபாரன்ஹீட் எல்லாம் கூடவே இருந்தன.

இன்ஜினீயரிங் படித்த மூன்று தலைமுறையை ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார வைத்து "காற்றின் கேஸ் கான்ஸ்டன்ட் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். தாத்தா 53.3 என்பார், அல்லது 96 என்பார். சித்தப்பா 29.27 என்பார். பிள்ளைகள் 287 என்பார்கள். நாலும் ஒரே காற்றுக்கு உரிய ஒரே அளவு. 53.3 என்பது அடி, பவுண்டு, ரேங்கின். அதை 1.8-ஆல் பெருக்கினால் 96. அது அடி, பவுண்டு, கெல்வின். 96 அடியை மீட்டர் ஆக்கினால் 29.27-க்கு வந்துவிடும். அதைப் புவியீர்ப்பின் 9.81-ஆல் பெருக்கினால் 287 ஜூல். நாட்டின் சரித்திரமே அந்த நாலு எண்ணில் இருக்கிறது: வெள்ளைக்காரன் காலம், மெட்ரிக் காலம், எஸ்.ஐ. காலம். நான் இதைக் கண்டுபிடித்தபோது வீட்டில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவித்தேன். என் வீட்டுக்காரம்மா பாவம், கேட்டுக்கொண்டார்.

அரசாங்கப் பக்கம் என்ன நடந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1956-இல் எடை அளவுச் சட்டம். 1957-இல் சர்வதேச மீட்டர் ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. அளவுகளுக்கெல்லாம் தாய் அளவை வைத்துக் காக்கும் பொறுப்பு டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு. 1950 ஜனவரியில் சர்தார் படேல் திறந்து வைத்த அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ராமனோடு ராமன் விளைவில் உழைத்தவர் என்று மட்டும் பலருக்குத் தெரியும். மின்சாரம் பாய்ந்து பழுக்கக் காய்ந்த மெல்லிய கம்பியில் நெடுக வெப்பநிலை எப்படி மாறுகிறது என்பதைப் பற்றி டெல்லியில் அவர் செய்த ஆராய்ச்சியை அதிகம் பேர் பேசுவதில்லை. 2009-ஆம் வருஷச் சட்டப்படி இன்று நம் நாட்டில் வெப்பநிலைக்கு அடிப்படை அலகு கெல்வின்.

கெல்வினின் விளக்கமே இரண்டு முறை மாறியிருக்கிறது. 1954-இல் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி மூன்றும் சேர்ந்து இருக்கும் மும்மைப் புள்ளியை 273.16 என்று நிறுத்தினார்கள். 2019 மே 20 முதல் தண்ணீரையும் விட்டுவிட்டு, போல்ட்ஸ்மான் மாறிலிக்கு ஒரு நிலையான மதிப்பைக் கொடுத்து அதிலிருந்து எடுக்கிறார்கள். எந்தப் பொருளையும் சாராத அளவு வேண்டும் என்று 1848-இல் 24 வயதுப் பையன் கேட்டது 171 வருஷம் கழித்து முழுசாக நிறைவேறியிருக்கிறது. இடையில் 1967-இல் "டிகிரி கெல்வின்" என்று சொல்லக்கூடாது, வெறும் "கெல்வின்" போதும் என்று தீர்மானம் வந்தது. K-க்குப் பக்கத்தில் அந்தக் குட்டி வட்டம் போட்டதற்காக நான் அரை மார்க் குறைத்தது உங்களில் நிறையப் பேருக்கு மறந்திருக்காது.

ஆனால் சட்டம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். காய்ச்சல் வந்தால் இன்றும் நமக்கு "நூத்திரெண்டு" தான். "வெயில் சதம் அடித்தது" என்று பத்திரிகையில் போடுவதும் ஃபாரன்ஹீட்தான். அதில் தப்பில்லை. தப்பு எங்கே வரும் என்றால், வித்தியாசத்தை மாற்றும்போது. உலகம் 1.5 டிகிரி செல்சியஸ் சூடாகும் என்ற செய்தியை ஃபாரன்ஹீட்டில் சொல்ல வந்த ஒருவர் 34.7 என்று எழுதியதைப் படித்திருக்கிறேன். சரியான விடை 2.7. வித்தியாசத்தில் இரண்டு கற்களும் அடிபட்டுப் போய்விடும், 32-க்கு அங்கே வேலை இல்லை.

இப்போது தூக்கம் வராத கதைக்கு வருகிறேன்.

1981, பிளஸ் ஒன் அரையாண்டுப் பரீட்சை. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். ஒரு பழைய கணக்குப் புத்தகத்திலிருந்து நான் எடுத்துக் கொடுத்த கணக்கு இது: "40 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 500 கன சென்டிமீட்டர் உள்ள வாயுவை, அழுத்தம் மாறாமல் 140 டிகிரிக்குச் சூடாக்கினால் பருமன் என்ன?" ஐந்து மார்க். எல்லாரும் ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸ் ஆக்கி, 273 கூட்டி, புள்ளிக்குப் பின்னால் புள்ளியாக ஒரு பக்கம் எழுதினார்கள். 599, 601, 600.3 என்று ஆளுக்கொரு விடை.

ஒரு பெண் மட்டும் இரண்டே வரி எழுதியிருந்தாள். 40-ம் 460-ம் 500. 140-ம் 460-ம் 600. ஆகவே 600 கன சென்டிமீட்டர்.

"273 எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதிச் சைபர் போட்டேன். பேப்பர் கொடுத்த அன்று எழுந்து வந்து, "சார், எங்க அப்பா பொஸ்தகத்துல இப்படித்தானுங்க இருக்குது" என்றாள். அவள் அப்பா ஒரு மில்லில் பாய்லர் அட்டெண்டர். மில்லை விட்டுப் போன பழைய இன்ஜினீயர் ஒருவர் அவருக்குக் கொடுத்த இங்கிலீஷ் கைப்புத்தகம் வீட்டில் இருந்ததாம். நான் வகுப்பு முன்னாடி, "உங்க அப்பா பொஸ்தகமா வந்து பரீட்சை எழுதுது?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கோடை லீவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. லைப்ரரியில் வேறு எதற்கோ ஒரு நீராவிப் புத்தகத்தைப் புரட்டியபோது 460 எதிரே வந்து நின்றது. இன்னொன்றும் உறைத்தது. 40, 140 என்று எண்களைத் தேர்ந்தெடுத்த அந்தப் பழைய ஆசிரியர், 460 கூட்டினால் 500, 600 என்று முழுசாக வர வேண்டும் என்றுதான் அவற்றைப் போட்டிருக்கிறார். கணக்கே ரேங்கினுக்காகப் போட்ட கணக்கு. வகுப்பிலேயே அதைப் புரிந்துகொண்டு செய்தது அவள் ஒருத்திதான், நானும் புரிந்துகொள்ளவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. அவள் பிளஸ் டூவில் என் வகுப்பில்தான் இருந்தாள். ஒரு வருஷம் முழுக்கத் தினமும் பார்த்தேன். சொல்லவில்லை. சொன்னால் வகுப்பில் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

பேத்தி கேட்ட மறுநாள் பழைய மாணவர்கள் இரண்டு பேரைப் பிடித்து அவளுடைய போன் நம்பர் வாங்கினேன். திருப்பூரில் இருக்கிறாள், பேரன் எடுத்துவிட்டாள். விஷயத்தைச் சொல்லி, "அன்னைக்கு நீ போட்டது சரி கண்ணு. நான்தான் தப்பு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "மார்க்கெல்லாம் அன்னைக்கே மறந்துட்டனுங்க சார். அப்பாதான், வாத்தியார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும், நம்ம பொஸ்தகம் பழசாப் போச்சுன்னு சொல்லிட்டு, அடுத்த வாரமே அதைப் பழைய பேப்பர்காரருகிட்ட எடைக்குப் போட்டுட்டாருங்க" என்றாள். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டதாம்.

உங்களில் பலருக்கு அப்பாவோ தாத்தாவோ மில்லில் வேலை பார்த்தவர்கள். பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், அந்த மாதிரி நீராவி அட்டவணையோ பாய்லர் கைப்புத்தகமோ கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போட வேண்டாம். எனக்குப் போன் செய்யுங்கள். எந்த ஊராக இருந்தாலும் பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன். ஒன்று கிடைத்தாலும் திருப்பூருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.